கணக்கில் 44, கையில் வேலை இருக்கிறது: மகனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாமா?

காவிரிக்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பவானியில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். மூன்று மிஷின். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகன் இந்த வருடம் பத்தாவது முடித்தான். 500க்கு 312. தமிழ் 81, சமூக அறிவியல் 72, அறிவியல் 63, ஆங்கிலம் 52, கணக்கு 44.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் பவர் மிஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தது. ஊசி மாற்றினேன், நூல் மாற்றினேன், சரியாகவில்லை. மெக்கானிக் ஈரோட்டிலிருந்து வர இரண்டு நாள் ஆகும் என்றார். கடையில் பதினான்கு ஜாக்கெட் தொங்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு இவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மிஷினைச் சாய்த்துவிட்டு, வீலைக் கையால் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அரைமணி நேரம் ஒன்றையும் கழற்றவில்லை. அப்புறம் சொன்னான்: “அம்மா, ஊசி கீழ போயிட்டு மேல வர ஆரம்பிக்கறப்ப நூல் ஒரு வளையமா நிக்குது. அந்த நேரத்துல ஹூக் வந்து அதைப் பிடிக்கணும். இது லேட்டா வருது.” ஸ்குருவைத் தளர்த்தினான், துளி நகர்த்தினான், முறுக்கினான். பதினோரு மணிக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வந்த மெக்கானிக், டைமிங் வைத்தது யார் என்று இரண்டு முறை கேட்டார்.

இதே பையனுக்குத்தான் கணக்கில் 44. “அவனுக்குப் புரியுது, எழுதத்தான் தெரியல” என்கிறார் கணக்கு வாத்தியார்.

இப்போது ஐ.டி.ஐ.யில் டர்னரோ (லேத்தில் கடைசல் வேலை) ஃபிட்டரோ (பாகங்களைப் பொருத்தும் வேலை) படிக்கிறேன் என்கிறான். சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் கணவரின் அண்ணன் எல்லோர் காதிலும் விழும்படி, “ஐ.டி.ஐ.யா? நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போற எடத்துல என்ன படிப்புன்னு சொல்லுவீங்க?” என்றார். அவர் மகள் பி.இ. படிக்கிறாள். கணவரிடம் போனில் கேட்டால் “உன் இஷ்டம்” என்கிறார், பின்னால் ஹாரன் சத்தம்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அதனால் வெட்கப்படாமல் கேட்கிறேன். இப்படிப்பட்ட பையன் புத்திசாலியா, இல்லையா? ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் நானே அவனுக்கு ஒரு கதவைச் சாத்தியதாகுமா?

ஓ.எம்.ஆர். இரவுப்பணி

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், நடப்பைச் சொல்கிறேன். நான் பி.இ. மெக்கானிக்கல், வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். நான்கு வருடத்தில் லேத்தை, அதாவது இரும்பைச் சுற்றவிட்டுக் கடையும் மிஷினைத் தொட்டது லேப் நேரத்தில் மட்டும், பத்து பேருக்கு ஒரு மிஷின். அந்தப் படிப்பு சொல்லித்தந்த எதுவும் இன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை. டிகிரி என்ற ஒரு வரிதான் போடுகிறது. வேலைக்கு விண்ணப்பித்தால் ஆளைப் பார்ப்பதற்கு முன்பே சல்லடை ஒன்று இருக்கிறது, அதில் ஐ.டி.ஐ. கீழே விழுந்துவிடும். பிளஸ் ஒன் போகட்டும். இல்லையென்றால் பாலிடெக்னிக்காவது.

மூன்றுதாடை சக்

அம்மிணி, நான் கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். 1987இல் ஐ.டி.ஐ. டர்னர் முடித்தவன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் லேத் முன்னால் நின்று நின்று இடது காலில் நரம்பு சுருட்டிக் கிடக்கிறது. நான் சொல்வதில் அந்த வலியும் கொஞ்சம் கலந்திருக்கும்.

புத்திசாலியா என்று கேட்டீர்கள். என்னிடம் வேலைக்கு வரும் பையன்களில் பத்துக்கு எட்டுப் பேர், மிஷின் நின்றால் முதலில் ஸ்பேனரைத்தான் எடுப்பார்கள். உங்கள் மகன் அரைமணி நேரம் ஒன்றையும் கழற்றவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். ஓடும்போது கண்ணுக்கே தெரியாத ஒன்றை மெதுவாகச் சுற்றி, எது முன்னால் வருகிறது, எது பின்னால் வருகிறது என்று பிரித்திருக்கிறான். அதை வாயால் சொல்லவும் செய்திருக்கிறான். இதற்கு மேல் என்ன சர்டிஃபிகேட் வேண்டும் உங்களுக்கு?

கதவு விஷயத்துக்கு ஒரு கதை சொல்லியாகவேண்டும்.

ஐ.டி.ஐ. முடித்து ஒரு பம்ப் கம்பெனியில் அப்ரண்டிஸாக இருந்தேன். மோட்டார் ஷாஃப்டில் பேரிங் உட்காரும் இடம் வெட்டக் கொடுத்தார்கள். விட்டம் 60 மில்லிமீட்டர். அதற்கு மேல் 2 மைக்ரானிலிருந்து 21 மைக்ரான் வரை இருக்கலாம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்), 60க்குக் கீழே போகவே கூடாது. வெட்டினேன், மைக்ரோமீட்டரில் அளந்தேன், 60.015. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் இன்ஸ்பெக்‌ஷனில் 59.986 என்கிறார்கள். பேரிங் தொளதொளவென்று ஏறுகிறது, ஷாஃப்ட் ஸ்கிராப். ஃபோர்மேன் கத்தவில்லை. அடுத்த ஷாஃப்டை நான் வெட்டி முடித்ததும் என் கையைப் பிடித்துப் புறங்கையை அதன்மேல் வைத்தார். “சுடுதா? சுடறப்ப அளக்காத.” பாடம் அவ்வளவுதான். அவர் ஐந்தாம் வகுப்பு.

அதற்கப்புறம் எட்டு வருடம் புறங்கையால் தொட்டுப் பார்க்காமல் நான் மைக்ரோமீட்டரை எடுத்ததில்லை. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி ஆகிவிட்டது.

1996 வாக்கில் டிரெய்னியாக ஒரு பி.இ. பையன் வந்தான். அவனும் அப்படியே சூட்டோடு அளந்து ஒரு ஷாஃப்டைக் கெடுத்தான். ஃபோர்மேன் செய்ததுபோலவே அவன் புறங்கையைப் பிடித்து வைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தவன், சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். நம் ஜாப், அதாவது வெட்டுகிற துண்டு, விட்டம் 0.06 மீட்டர். சூடு ஒரு 40 டிகிரி ஏறியிருக்கும். 12 × 0.06 × 40. கிட்டத்தட்ட 29 மைக்ரான்.

60.015இல் 29 மைக்ரானைக் கழித்துப் பாருங்கள். 59.986. எட்டு வருடம் முன்னால் நான் ஸ்கிராப்பில் போட்ட ஷாஃப்ட் அந்தத் தரையில் கிடந்தது.

அவனுக்கு அந்தக் கணக்கு காலேஜிலேயே தெரியும், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனால் ஜாப் சுடுகிறது என்பது அவன் கையில் ஏறவில்லை. எனக்குச் சுடுவது தெரியும், எவ்வளவு என்று தெரியாது. அவசர ஆர்டர் நாட்களில் ஒவ்வொரு ஷாஃப்டும் ஆறுவதற்கு நான் காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் எத்தனை ஷிஃப்ட் வரும் என்று அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வருடம் சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியானது. டிப்ளமா வேண்டும் என்றார்கள். வந்தவருக்கு ஆறு மாதம் மிஷின் காட்டிக்கொடுத்தது நான், சம்பளம் அவருக்கு என்னைப்போல் இரண்டு மடங்கு. வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவன் டிசைன் ஆட்களிடம் பேசவேண்டும். அவர்கள் டிராயிங்கில் ஒன்றை மாற்றினால் “இது வராதுங்க சார்” என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும். ஏன் வராது என்பது கைக்குத் தெரியும், வாய் திறந்தால் வராது. கோவையில் மாலைநேர டிப்ளமா அப்போதே இருந்தது. எனக்கு ஓவர்டைம் காசு பெரிதாகத் தெரிந்தது, போகவில்லை. அந்தக் கதவை யாரும் சாத்தவில்லை, அம்மிணி. நானேதான் எட்டிப் பார்க்காமல் விட்டேன்.

அதனால் ஐ.டி.ஐ.யில் சேருங்கள், தயங்காதீர்கள். டர்னர், ஃபிட்டர் இரண்டுமே இரண்டு வருடம். முடித்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமா முடித்தால் பி.இ.யிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு. ஆனால் அந்த 44ஐ அப்படியே விட்டுவிடக் கூடாது. டேப்பர் (ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகும் சாய்வு) வெட்டக் கோணம் கண்டுபிடிக்க டேன் தீட்டா வேண்டும். பத்தாவதில் கோபுரத்தின் உயரத்தையும் கப்பலின் தூரத்தையும் கேட்டு உயிரை வாங்கினார்களே, அதே டேன் தீட்டாதான். என் பட்டறையில் இப்போது ஒரு சி.என்.சி.யும், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மிஷினும் நிற்கிறது. அதில் ஹேண்டில் சுற்ற வேண்டியதில்லை, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு டூல் போகவேண்டும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். டூல் மழுங்கினால் சத்தம் மாறும், அதைக் கேட்கிற காது அங்கேயும் வேண்டும்.

ஒரு விஷயம். எங்கள் ஊர்க்காரர்கள் இந்தப் பேச்சு எடுத்தாலே “ஜி.டி. நாயுடு என்ன படித்தார்?” என்று ஆரம்பிப்பார்கள். பள்ளிக்கூடம் அந்தக் கண்டுபிடிப்பாளருக்கு ஒத்துவரவில்லை என்பது சரி. அப்படிப்பட்டவரே 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க முன்னால் நின்றார் என்ற பாதியை மட்டும் விழுங்கிவிடுவார்கள்.

உங்கள் மகனுக்கு ஒரு கேள்வி கொடுக்கிறேன், நீங்கள் உதவி செய்யாதீர்கள். லேத்தில் சுற்றும் ஜாப்பை நோக்கி டூலை முன்னால் தள்ளும் ஹேண்டிலில் டயல் இருக்கும். ஒரு கோடு தள்ளினால் டூல் 0.05 மில்லி முன்னால் போகும். (சில மிஷினில் கோடு வேறு மாதிரி போட்டிருப்பார்கள், அது இப்போது வேண்டாம்.) ஒரு கோடு தள்ளி வெட்டினால் ஜாப்பின் விட்டம் எவ்வளவு குறையும்?

பசுமைத்தோட்டம்

அருமை ஐயா! கைத்தொழில்தான் உண்மையான கல்வி, டிகிரி வெறும் காகிதம். நம் முன்னோர் கல்லூரிக்குப் போயா பெரிய கோயிலைக் கட்டினார்கள்?

சுண்ணக்கட்டி

நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் அரசுப் பள்ளிக் கணக்கு ஆசிரியை. காவிரிக்கரை, உங்களுக்குப் பதில் பிறகு. முதலில் பசுமைத்தோட்டத்துக்கு.

“டிகிரி வெறும் காகிதம்” என்று சொல்கிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் ஒரு ஆவல். என் தாத்தா சலவைத் தொழிலாளி. எந்தத் துணிக்கு எவ்வளவு உவர்மண், வெள்ளாவியில் எவ்வளவு நேரம், எந்தக் கறை எதற்குப் போகும் என்று அவருக்கு அத்துப்படி. அது அறிவு இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். ஆனால் அவர் என் அப்பாவை வெள்ளாவிப் பக்கமே அண்டவிட்டதில்லை. 1953இல் ராஜாஜி ஆட்சியில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாடநேரத்தை மூன்று மணியாகச் சுருக்கி, மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பனின் தொழிலைக் கற்கட்டும் என்றார்கள். குலக்கல்வி என்று ஊர் பெயர் வைத்தது. அடுத்த வருடம் ராஜாஜி விலகி காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. கைத்தொழில் உயர்ந்தது என்ற பேச்சு அப்போதும் இருந்தது. யாருடைய கை என்பதுதான் கேள்வி.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் பக்கம் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இலிருந்து இருக்கிறது. பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுப்பவர்கள். மண்ணில் தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்த வளை என்று சொல்வார்கள். அவர்களில் இருவரை 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்க அழைத்துப் போனார்கள். 2023இல் அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ. நாங்கள் பள்ளியில் கைதட்டினோம். கைதட்டின மறுநாள் இருளர் பிள்ளை ஒருத்தி சாதிச் சான்றிதழுக்காக மூன்றாவது முறை அலைய லீவு கேட்டு நின்றாள்.

பி.எட்.டில் உளவியலாளர் கார்ட்னர் 1983இல் சொன்ன பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை, மொழி, தர்க்கம், இடம், இசை, உடல் என்று வரிசையாக மனப்பாடம் செய்து எழுதினேன். நல்ல மார்க். புத்தி ஒன்றல்ல, பல என்பதை மனப்பாடம் செய்கிற ஒரே புத்தியை வைத்து அளந்தார்கள். அந்தக் கோட்பாட்டுக்குச் சரியான ஆதாரம் இல்லை என்று சொல்லும் உளவியல்காரர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அது தனிக்கதை.

காவிரிக்கரை, உங்கள் மகன் விஷயம் குலக்கல்வி இல்லை. அப்பா லாரி, அம்மா தையல், பையன் கேட்பது லேத். அவனே கேட்கிறான், திரும்பிவர வழியும் இருக்கிறது. சேருங்கள். பத்தாவதோடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கிலத் தாள்களையும் எழுதித் தேறினால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாக எடுத்துக்கொள்ளும் அரசு ஏற்பாடு இருக்கிறது, சேரும்போதே விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கேளுங்கள்.

அந்த 44ஐப் பற்றி. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் கடைசி இரண்டு கேள்வி, ஒன்று வடிவியல் வரைவது, இன்னொன்று வரைபடம், எட்டும் எட்டும் பதினாறு. அதை எப்படிச் செய்தான் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

மூன்றுதாடை சக்

டீச்சர், சாதிச் சான்றிதழ் வரியைப் படித்துவிட்டு மிஷினை ஆஃப் பண்ணிவிட்டு உட்கார்ந்திருந்தேன். என் ஃபோர்மேன் ஐந்தாம் வகுப்பு என்று பெருமையாக எழுதினேன். அவர் ஏன் ஐந்தாவதோடு நின்றார் என்று இருபது வருடம் கூட வேலை செய்தும் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

ஓ.எம்.ஆர். தம்பி சொன்ன சல்லடையும் பொய் இல்லை. அதனால்தான் டிப்ளமா வரை போகச் சொன்னேன்.

காவிரிக்கரை

அண்ணா, டீச்சர், தம்பி, எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கரண்ட் பிரச்சினை, இப்போதுதான் எழுத முடிந்தது.

டீச்சர், கேட்டேன். வரைவது, வரைபடம் இரண்டுமே முழுசாகப் போட்டானாம், பதினாறும் வந்திருக்கும் என்கிறான். அப்படியானால் மிச்சத்தில் 28தான். ஐந்து மார்க் கேள்விகளில் விடை மட்டும் எழுதிவிட்டு வழிமுறை எழுதாமல் வந்திருக்கிறான். “அதான் விடை வந்துருச்சே” என்று என்னிடமே கேட்கிறான். உங்கள் பதிலை அவனையே சத்தமாகப் படிக்கச் சொன்னேன். வெள்ளாவி வந்த இடத்தில் நிறுத்திவிட்டு, “நீ ஏம்மா ஒம்பதாவதோட நின்ன?” என்றான். காஜா எடுக்க வேண்டியிருந்தது, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

அண்ணா, உங்கள் கேள்வியை நான் வாசித்து முடிக்கும் முன்பே 0.1 என்றான். எப்படி என்றேன். தேங்காய் மூடியை எடுத்துக் கத்தியைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மூடியைச் சுற்றிக் காட்டினான். கத்தி ஒரு பக்கம்தான் நிற்கிறது, ஆனால் மூடி சுற்றுவதால் இரண்டு பக்கமும் தேயும் என்றான். பிறகு உங்களிடம் கேட்கச் சொன்னது: “ஓட்டைக்குள்ள டூலை விட்டு வெட்டுனா, ஒரு கோட்டுக்கு ஓட்டை 0.1 பெருசாகும்தானே? அப்ப ஹேண்டிலை எந்தப் பக்கம் சுத்துவாங்க?”

டர்னருக்கே விண்ணப்பம் போட்டாயிற்று. பாதுகாப்பு ஷூ அங்கேயே தருவார்களா, நாங்கள் வாங்கவேண்டுமா? அவனுக்குப் பத்தாம் நம்பர். பவானியில் இரண்டு கடை பார்த்தேன், இல்லை.